உன் பேரில் போன விரல்கள்

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று நானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான், ஏனென்றால் அதை எழுத வேண்டியவள் இரண்டு மாதமாக வாயைத் திறக்கவில்லை. தபால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டதில் அவர் என்னைக் கண்டாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

இங்கே ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு புது இயந்திரம் வந்து இறங்கியிருக்கிறது. அறை நீளம் இருக்கும். ஒரு பக்கம் ஈரப் படுக்கைவிரிப்பைக் கொடுத்தால் மறு பக்கம் இஸ்திரி போட்டு, மடித்து, அழகாக வெளியே தள்ளுகிறது. இஸ்திரிக்காரிகள் நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று கல்யாணப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். மூன்றாம் கட்டில்தான் முதலில் சொன்னாள்: "இது மடிக்கிற லட்சணத்தப் பாத்தா நம்மளையும் சேத்து மடிச்சிடும் போலிருக்கே." அவளுக்கு எப்போதும் கிண்டல்தான். விடுதியில் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது, அதனால்தான் அந்தப் பேர்.

போன வாரம் திடீரென்று உன்னைப் பார்க்கக் கிளம்பிவிடலாமா என்று இருந்தது. பிறகு நானே அடக்கிக்கொண்டேன். அங்கே தக்காளிக் கூழ் ஆலைக் கணக்கில் நீதானே நான்! என் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் பேரைக் கூப்பிட்டால் குரல் கொடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாய். நானும் வந்து பக்கத்தில் நின்றால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவோம். "உன் கை ஆறுற வரைக்கும் தங்கச்சி உன் அட்டையில வரட்டும், முகம் ஒரே ஜாடைதானே, யாரு பாக்கப் போறா" என்று மேஸ்திரி சொன்னது ஒரு வருடத்துக்கு. தக்காளிப் புளிப்பு தின்ற கை அந்த ஒரு வருடத்திலேயே ஆறிவிட்டது. ஆனால் இருப்பது ஒரு வேலை, நாம் இரண்டு பேர். நான் திரும்பி வந்தால் நீ எங்கே போவாய்? இப்படியே நாலு வருடம் ஓடிவிட்டது.

உடனே எழுது. ஒரு வரி போதும்.

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. உன் உடம்பு எப்படி? கால் வீக்கம் வடிந்ததா?

எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதே என்று பார்க்காதே. இடது கையால் எழுதுகிறேன். பயப்படாமல் படி. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் நன்றாக இருக்கின்றன. நடுவில் இருந்த மூன்றும் இல்லை.

கூழ் இயந்திரத்தைக் கழுவும்போது நடந்தது. மேலே ஓர் இரும்பு வலை போட்டிருக்குமே, உனக்குத் தெரியும். "வலையக் கழட்டி வெச்சிட்டுக் கழுவு, சீக்கிரம் முடியும்" என்று மேஸ்திரி சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்களும் அப்படியே பழகிவிட்டோம். நான் கையை உள்ளே விட்டிருந்தபோது அந்தப் பக்கம் இருந்தவர் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டார். அங்கே எப்போதும் எல்லாமே சிவப்பாகத்தானே இருக்கும், கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் என் கட்டிலில் உன் பேரை எழுதி மாட்டியிருந்தார்கள். உன் வயதையும். ஒரே நாளில் எனக்கு எட்டு வயது கூடிவிட்டது. நர்ஸ் வந்து பார்த்து, "இந்த வயசுக்கு நல்லா இருக்கீங்கம்மா" என்றாள். அந்த வலியிலும் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்களுக்கு எல்லாம் யாராவது வந்தார்கள். எனக்கு யாரும் வரவில்லை. ஆலையிலிருந்து வந்தவர்கள்கூட வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். உனக்கு எழுதச் சொல்லலாம் என்றால், உன் பேரில் படுத்துக்கொண்டு உனக்கே கடிதம் போடச் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று பயம். அதனால்தான் இத்தனை நாள்.

இப்போது அறைக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டுக்கொள்கிறேன். அழாதே.

உன் தங்கை

மார்ச் 27

என் செல்லமே,

அழாதே என்று நீ எழுதினால் ஆயிற்றா? மூன்றாம் கட்டில்தான் கடிதத்தை வாங்கி மிச்சத்தைப் படித்துச் சொன்னாள். கண்ணீரில் எனக்கு எழுத்துத் தெரியவில்லை.

உனக்கு அறிவு இருக்கிறதா? மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு தந்தி கொடுக்கக் கூடாதா? ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்திருக்கிறாயே. தலை யார் வாரினார்கள்? சோறு எப்படிப் பிசைந்து சாப்பிட்டாய்? எனக்கு இங்கே கை ஓடவில்லை. யாருடைய விரலைப் பார்த்தாலும் எண்ணத் தோன்றுகிறது.

நான் கிளம்பி வரட்டுமா? வந்தால் கெடுதலா? விசாரித்து எழுது. கையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. அரிக்கும், சொறியாதே.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. காயம் ஆறிவருகிறது. உன்னைப் பற்றி நீ ஒன்றும் எழுதுவதில்லை. எப்படி இருக்கிறாய்?

நீ வர வேண்டாம். குட்டு உடைந்துவிட்டது. காயத்துக்கு இழப்பீடு கேட்டு மனு போட்டதும் புது மேனேஜர் பழைய புகைப்படத்தை எடுத்து என் முகத்தோடு வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இது நீ இல்லையேம்மா" என்றார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார், அக்காவும் தங்கச்சியும் சேந்து ஏமாத்திட்டாங்க" என்று அவர் கூசாமல் சொன்னார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன் அக்கா. என்னைப் பார்க்கவே இல்லை.

ஆலை இப்போது சொல்வது இதுதான்: அட்டைக்கு உரியவளுக்கு அடிபடவில்லை, அடிபட்டவளுக்கு அட்டை இல்லை, ஆகவே யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று விரல் எங்கே போயிற்று என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சங்கத்திலிருந்து சைக்கிளில் வந்து சுவரில் நோட்டீஸ் ஒட்டுவாரே, 'நோட்டீஸ்' என்றே கிண்டல் செய்வோமே, அவர்தான் எனக்காக அலைகிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பேரு யாருதா இருந்தாலும் வேலை செஞ்சவதான் தொழிலாளி. ஆனா நீதான் செஞ்சேன்னு நிரூபிக்கணும். உங்கக்கா வாக்குமூலம் குடுத்தா போதும். நாலு வருஷமா நான் அங்க இல்ல, மேஸ்திரி சொல்லித்தான் தங்கச்சி போனா, அவ்வளவுதான் சொல்லணும்." கூட வேலை பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அப்படிச் சொன்னால் உன் பேர் கணக்கிலிருந்து அடிபடும். உன் பதினெட்டு வருடமும் போய்விடும், பிறகு இந்த வேலைக்கு நீ வரவே முடியாது. அதற்கு மாறாக, நீயே திரும்பி வந்து வேலையில் சேர்ந்தால் எதையும் கிளறாமல் எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்கிறார். ஆலை கொடுத்த இந்த அறையும் உனக்கே. என் மனு மட்டும் குப்பைக்குப் போகும்.

நீ யோசித்து எழுது. உன்னை விட்டால் எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

உன் தங்கை

மே 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் நலமே. கால் வீக்கம் போய்விட்டது. உன் கை இப்போது எப்படி? இரவில் குத்துகிறதா?

இங்கே வெயில் தாங்கவில்லை. நம் அறையில் வடக்கு ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வருமே, இன்னும் வருகிறதா? அந்த ஜன்னல் கதவின் கொக்கி கழன்று கிடந்தது. சரிசெய்தாயா? கூரை ஒழுகிய மூலையில் இப்போதும் வாளி வைக்கிறாயா? சும்மா கேட்கிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே போர்வையில் படுத்து நீ முழுவதையும் இழுத்துக்கொள்வாயே, அது நினைவுக்கு வந்தது. மூன்றாம் கட்டில் குறட்டை விடுகிறாள். நேற்று அவள் மூக்கைப் பிடித்தேன், வாயால் விட்டாள்.

இஸ்திரி அறையில் பாதிப் பேருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பாவம், எல்லோரும் என் வயதுக்காரிகள்தான். இந்த வயதில் புதிதாக யார் வேலை கொடுப்பார்கள்?

மேனேஜர் சொன்னதை எழுத்தில் கொடுத்தாரா, வாய்வார்த்தையா? அந்த வாக்குமூலத்தைப் பற்றி யோசித்து எழுதுகிறேன்.

அக்கா

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீ நலமா? நான் இருக்கிறேன்.

ஜன்னல் கொக்கியைச் சரிசெய்துவிட்டேன். கூரை ஒழுகவில்லை, மழையே இல்லை. மேனேஜர் சொன்னது எழுத்தில்தான், ஒரு நகல் உனக்கு வைத்திருக்கிறேன். அவ்வளவுதானே நீ கேட்டது?

விசாரணை ஜூலை மாதம் நடுவில் வருகிறது. அதற்குள் உன் வாக்குமூலம் வர வேண்டும் என்று நோட்டீஸ் சொல்கிறார். நீ இவ்வளவு தூரம் வரக்கூட வேண்டாமாம், அங்கேயே ஓர் அதிகாரி முன்னால் எழுதிக் கொடுத்தால் தபாலில் அனுப்பிவிடுவார்களாம். அவர் கேட்கும்போதெல்லாம் "அக்கா எழுதுவா" என்கிறேன். மூன்று தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அறையைக் காலி செய்யச் சொல்லிக் கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை விட்டுவையுங்கள் என்று நோட்டீஸ் போய்ப் பேசினார். பக்கத்து அறைக்காரி இப்போது என்னைப் பார்த்தால் துணி காய வைக்காமல் உள்ளே போய்விடுகிறாள். என்னோடு பேசியவள் என்று பேர் வந்தால் அவளையும் கூப்பிட்டுக் கேட்பார்களோ என்று பயம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் நாள் முழுக்க யாருடனும் ஒரு வார்த்தை பேசாமல் படுத்துவிடுகிற நாளும் இருக்கிறது. சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதினால், வேலை விட்டு வரும் கூட்டத்தின் சத்தம் கேட்க ஜன்னல் பக்கம் போய் நிற்கிறேன். ஒரு நாள் கடைக்காரர் "என்ன வேணும்" என்று கேட்டபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

யோசித்தாயா?

தங்கை

ஜூன் 25

அக்கா,

பதில் இல்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று முதல் வாரம் பயந்தேன். பிறகு புரிந்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

நீயே வந்து அந்த வேலையை எடுத்துக்கொள். நிஜமாகத்தான் சொல்கிறேன். அது உன் வேலைதான். நீ உன் கையைப் புண்ணாக்கிக்கொண்டு சம்பாதித்த நிரந்தரம் அது. நான் நடுவில் வந்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரி, படிக்க வைத்து, உனக்கென்று ஒரு குடும்பம்கூட வேண்டாம் என்று இருந்தவளிடம் இன்னும் இதையும் கொடு என்று கேட்பது அநியாயம். நீ வருவதற்குள் நான் எங்காவது போய்விடுகிறேன். இடது கையால் பெருக்க முடிகிறது.

கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது அக்கா. முடியாது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் நீ. குறட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு அது தெரியாதா?

உன் தங்கை

ஜூலை 3

சின்னவளே,

உன் கடிதம் கிடைத்தது. எங்கேயும் போகாதே. அறையை விட்டு நகராதே.

விசாரணைக்கு நல்ல துணியாக உடுத்திக்கொண்டு போ. கையை ஒளித்துக்கொள்ளாதே, மேசைமேல் வை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன் வழக்கப்படி கூடுதலாக ஒன்றும் பேசாதே. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

அக்கா

ஜூலை 22

என் அக்காவுக்கு,

முதலில் ஆயிரம் தடவை என்னை மன்னித்துவிடு. அப்புறம் நீ ஏன் இப்படி அழுத்தக்காரியாக இருக்கிறாய் என்று சண்டை போடுகிறேன்.

நான் உன் வாக்குமூலம் வராது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். தொழிலாளர் அலுவலகத்தின் மாடி அறை, நீள மேசை, ஓடாத மின்விசிறி. எதிரே மேனேஜர், ஆலை வக்கீல், மேஸ்திரி. நடுவில் அதிகாரி, உன் வயதுப் பெண்மணிதான். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன். நோட்டீஸ் முழங்கையால் இடித்து "உன்னத்தாம்மா" என்றார். நாலு வருடமாக உன் பேருக்கே திரும்பிப் பழகிய கழுத்து, சொந்தப் பேருக்குத் திரும்பவில்லை. மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார்.

வக்கீல் பழைய பாட்டையே பாடினார். அவர் உட்கார்ந்ததும் அதிகாரியம்மா ஓர் உறையைப் பிரித்து, "இது போன மாசமே வந்திருக்கு" என்று படிக்க ஆரம்பித்தார். "நாலு வருடமாக அந்த வேலையை நான் ஒரு நாளும் செய்யவில்லை. மேஸ்திரி என் எதிரிலேயே என் தங்கையின் கழுத்தில் என் அட்டையை மாட்டினார். பேர் மட்டும்தான் என்னுடையது. வேலை அவளுடையது. போன விரலும் அவளுடையது." போன மாதமே! நான் அந்தக் கோபக் கடிதத்தை எழுதிய நேரத்தில் அது தபாலில் வந்துகொண்டிருந்திருக்கிறது.

வக்கீல் எழுந்து, "அக்காவும் தங்கச்சியும் பேசிவெச்சுச் சொல்றாங்க" என்றார். அதிகாரியம்மா கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். "உங்க மேனேஜர் எழுதிக்குடுத்த கடிதம் இங்க இருக்கு. இவங்க அக்கா வாயத் திறக்காம இருந்திருந்தா வேலையும் வீடும் அவங்களுக்கு. திறந்ததால எல்லாம் போச்சு. பொய் சொல்றவங்க தனக்கு லாபம் வர்ற மாதிரிதான் சொல்லுவாங்க, இப்படி நஷ்டம் வர்ற மாதிரி சொல்ல மாட்டாங்க" என்றார். மேஸ்திரியைப் பார்த்து, "நீங்க இன்னொரு தடவ யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொல்லிவிட்டார். வலையைக் கழட்டச் சொன்னதையும்.

தீர்ப்பு என் பக்கம் அக்கா. முதல் நாளிலிருந்து நான்தான் தொழிலாளி என்று எழுதிவிட்டார்கள். கைக்கு உண்டான இழப்பீடு, கை வலிக்காத வேலை, இந்த அறை எல்லாம் உண்டு. எல்லா இயந்திரத்திலும் வலையை மாட்டச் சொல்லி உத்தரவு. பக்கத்து அறைக்காரி வந்து கதவருகே நின்று அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்து டீ குடித்தோம்.

உன் பேரை அடித்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், சிவப்பு மையால் ஒரு கோடு.

ஆனால் ஒன்று யோசி. இனிமேல் நீ வரலாம்! ஒளிய வேண்டியதில்லை, ஒரே ஆள் இரண்டாகத் தெரியும் பயமில்லை. லீவு போட்டுவிட்டு உடனே கிளம்பு. நாலு வருடம் ஆயிற்று உன் முகத்தைப் பார்த்து.

உன் தங்கை

ஆகஸ்ட் 11

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் மிகவும் நலம். உன் கடிதத்தைப் பத்து தடவை படித்தேன். மூன்றாம் கட்டிலுக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு உன்னைப் பார்க்க வேண்டுமாம்.

மன்னிப்பெல்லாம் எதற்கு? பதில் எழுதாதது என் சோம்பேறித்தனம். பேர் போனதைப் பற்றி நீ மனதில் வைத்துக்கொள்ளாதே. எனக்குத்தான் இங்கே நல்ல வேலை இருக்கிறதே, இரண்டு வேலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்? வேளைக்குச் சாப்பாடு, படுக்கக் கட்டில். ராணிபோல் இருக்கிறேன்.

இப்போது வர முடியாது. வேலை மும்முரம், லீவு கேட்டால் முறைக்கிறார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம். நீயும் இங்கே வந்து அலையாதே, விடுதியில் வெளியாட்களை விட மாட்டார்கள்.

புது வேலை எப்படி? கையை வெயிலில் காட்டாதே. நன்றாகச் சாப்பிடு.

அக்கா

ஆகஸ்ட் 29

அன்புள்ள தங்கைக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. குறட்டை விடுகிறவள் என்று தெரிந்திருக்கும். அது உண்மைதான்.

எழுத மாட்டேன் என்று உங்கள் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். நானும் இத்தனை நாள் இருந்து பார்த்தேன். இனி என்னால் முடியாது. அவர் இங்கே வேலையில் இல்லை. உங்கள் கையைப் பற்றிய கடிதம் வந்த அதே வாரத்தில் அவருக்கும் கணக்கு முடித்துவிட்டார்கள். கொஞ்ச நாள் வார்டனுக்குத் தெரியாமல் என் கட்டிலில் தலைமாற்றிப் படுத்துக்கொண்டோம். பிறகு தெரிந்துபோய் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் ஆலைக்குத் திரும்புவது ஒன்றுதான் அவருக்கு வழி. பெட்டியைக்கூடக் கட்டிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் நீங்கள் வாக்குமூலம் கேட்டு எழுதினீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் அவர் சரியாகப் பேசவே இல்லை. "அவ கேக்குறது நியாயம், எனக்குப் பயமா இருக்குடி, நான் எங்க போவேன்" என்று ஒரு நாள் என் மடியில் படுத்து அழுதார். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போய் எழுதிக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும்போது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது பஸ் நிலையத்தின் பின்னால் எங்கேயோ ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். எந்தக் கடை என்று எனக்கும் சொல்லவில்லை. மறுபடி கையெல்லாம் புண். உங்கள் கடிதங்களுக்காக மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் விடுதி வாசலுக்கு வருவார். காவல்காரர் எடுத்து வைத்துக் கொடுப்பார். கடிதம் இல்லாத ஞாயிறும் வருவார்.

நான் எழுதியது தெரிந்தால் திட்டுவார். திட்டட்டும்.

அன்புடன்,
மூன்றாம் கட்டில்

செப்டம்பர் 7, சனிக்கிழமை

என் அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. கேட்டால் ராணிபோல் இருக்கிறேன் என்பாய்.

மூன்றாம் கட்டிலைத் திட்டாதே. அவள் எழுதியதைப் படித்துவிட்டு முதலில் உன்மேல் எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. நீ மார்ச் மாதமே சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். அதனால்தானே சொல்லவில்லை? பிறகு கோபம் போய்விட்டது. அறையில் நான் தனியாக உட்கார்ந்து பேச ஆள் இல்லை என்று உனக்குப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேனே, அதை எல்லாம் நீ எங்கே நின்று படித்தாய்? பஸ் நிலையத்திலா? கோபக் கடிதத்தையும் அங்கேதான் படித்தாயா?

நேற்று ஆலை அலுவலகத்துக்குப் போனேன். அறையில் கூட இருப்பவர்கள் யார் யார் என்று எழுதித் தரச் சொல்லும் தாள் ஒன்று உண்டு. அதில் உன் பேரை எழுதினேன், என் பொறுப்பில் இருப்பவள் என்று. மேனேஜர் அந்தப் பேரைப் பார்த்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, திரும்பவுமா?" என்றார். "ஆமா சார், இந்தத் தடவ ரெண்டு பேரும் இருப்போம்" என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இழப்பீடும் வந்துவிட்டது. உன் கைக்கு மருந்து பார்ப்போம், பிறகு உட்கார்ந்தபடி செய்யும் வேலையாக ஏதாவது தேடுவோம். தேடாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. எனக்குச் சமைக்கத்தான் ஒரு கை குறைகிறது.

வர முடியாது, அடுத்த வருடம், லீவு இல்லை என்று எழுதிவிடுவாய் என்று தெரியும். அதனால் உன்னைக் கேட்கவில்லை. இதற்குத் தபால்தலையும் ஒட்டவில்லை. பஸ் கிளம்பக் காத்திருக்கும் நேரத்தில் மடியில் வைத்து எழுதுகிறேன், அதுதான் எழுத்து வழக்கத்தைவிட மோசம். ராத்திரி முழுக்கப் பயணம். நாளை ஞாயிற்றுக்கிழமை. கடிதம் வந்திருக்கிறதா என்று நீ கேட்கும்போது காவல்காரர் கையை விரிப்பார். திரும்பிப் போய்விடாதே. அவருக்குப் பின்னால் பார்.

இப்படிக்கு,
இதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்
உன் தங்கை